விதியல்ல, விதிமுறை!

“சிலிண்டர் வெடித்தது, வீடு எரிந்தது, தாயும் மகளும் கருகினர்” — காலையில் ஏட்டைப் பிரித்தால் இப்படியொரு செய்தி எங்கேனும் ஒரு மூலையில் கண்ணில் படுகிறது. படித்தவர் ‘ஐயோ’ என்கிறார். பக்கத்தில் இருப்பவர், “எல்லாம் விதி! தலையிலே எழுதியதை யார் அழிக்க முடியும்?” என்று பெருமூச்சு விடுகிறார். பக்கம் புரட்டப்படுகிறது, பாடம் மட்டும் படிக்கப்படாமலே கிடக்கிறது.

நாம் கேட்கிறோம்: எந்தத் தலையில், எவன் எழுதிய எழுத்து அது? வெடிப்பு விட்ட ரப்பர் டியூப்பைப் பிரமனா கொண்டுவந்து மாட்டினான்? இரவெல்லாம் திறந்து கிடந்த ரெகுலேட்டரை எமதருமனா வந்து திறந்து வைத்தான்? வாடை வீசும் இருட்டறையில் விளக்குச் சுவிட்சைத் தட்டியது எந்தக் கிரகத்தின் கை?

விதி என்ற சொல்லுக்கு நம் பேச்சிலே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாதவன் எழுதியது. மாற்ற முடியாதது என்று நம்மை மண்டியிட வைப்பது. மற்றொன்று, மனிதன் தன் அறிவைக் கொண்டு, பட்ட பாட்டைக் கொண்டு, பறிகொடுத்த உயிர்களைக் கொண்டு எழுதிய விதிமுறை. முன்னது அடுப்பங்கரையில் ஓர் உயிரையும் காத்ததில்லை. பின்னது நாள்தோறும் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டாவது விதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அரசியல் ஏட்டிலே அடுப்புக்கு என்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! ஆலைக்குப் போனவன் வீடு திரும்பும்போது அவன் வீடு வீடாக இருக்க வேண்டும் என்பதைவிடப் பெரிய அரசியல் எது?

புகை போனது, பொறுப்பு வந்தது

நம் தாய்மார்கள் விறகையும் வறட்டியையும் எரித்து, ஊதுகுழலை ஊதி ஊதி, கண் சிவந்து, நெஞ்சு கரித்து உலை வைத்த காலம் வெகு தொலைவில் இல்லை. எரிவாயு முதலில் மாடிவீட்டாரின் பொருளாகத்தான் வந்தது. பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயில், தன் ‘இண்டேன்’ இணைப்பை 1965-ஆம் ஆண்டு கல்கத்தாவிலே தொடங்கியது. அன்று அது வசதி படைத்தோர் வாசலோடு நின்றது. தமிழகத்தில் 2006-இல் அமைந்த அரசு, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016 மே முதல் நாள் உத்தரப்பிரதேசத்தின் பாலியாவில் மத்திய அரசின் ‘உஜ்வலா’ திட்டம் தொடங்கப்பட்டது. சிலிண்டர் குடிசைக்குள் வந்தது. வரவேற்கிறோம். பெண்ணின் கண்ணிலிருந்து புகையை அகற்றிய எதையும் வரவேற்போம்.

ஆனால் ஒன்றை மறந்தார்கள். அடுப்பைக் கொடுத்தவர்கள் அறிவைக் கொடுத்தார்களா? சிலிண்டரோடு வந்த சிறு புத்தகம் எத்தனை வீட்டில் படிக்கப்பட்டது? சமையலறை தனி, படுக்கையறை தனி, நாற்புறமும் சன்னல் என்று வாழ்கிறவனுக்கு வகுத்த முறைகளை, சமைப்பதும் படுப்பதும் பிள்ளை படிப்பதும் ஒரே பத்தடி அறையில் என்று வாழ்கிற பாட்டாளி எப்படிக் கடைப்பிடிப்பான் என்று எவரேனும் உட்கார்ந்து யோசித்தார்களா? அந்தக் குறையை இட்டு நிரப்புவது நம் கடமை.

இரும்புக்குள்ளே என்ன இருக்கிறது?

எதிரியின் பலம் அறியாதவன் போரில் தோற்பான். சிலிண்டர் நமக்கு எதிரி அல்ல. ஆனாலும் அதன் பலம் அறிந்து பழக வேண்டிய நண்பன்.

அதற்குள் இருப்பது புரொப்பேன், பூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுபவை. புரொப்பேன், உறைபனிக்கும் கீழே 42 பாகைக் குளிரிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவேதான் பனி கொட்டும் நாடுகளில் வீட்டைச் சூடாக்கவும் சமைக்கவும் பெரும்பாலும் புரொப்பேனையே தொட்டியில் நிரப்பிக் கொல்லையில் வைத்துக்கொள்கிறார்கள். பூட்டேன் அந்தக் குளிரில் ஆவியாகாமல் சண்டித்தனம் செய்யும். வெயில் காயும் நம் நாட்டுக்கு இரண்டும் கலந்த கலவை போதுகிறது. அழுத்தத்தை ஏற்றி, வாயுவைத் திரவமாக்கி, இரும்பு உருளைக்குள் அடைக்கிறார்கள். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ.

மூன்று உண்மைகளை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா விதிமுறைகளும் இந்த மூன்றுக்குள் அடக்கம்.

முதல் உண்மை: ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. இரண்டாவது: காற்றிலே நூற்றுக்கு இரண்டு பங்கு இந்த வாயு கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையை முழுக்க வெடிமருந்துக் கிடங்காக்க ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ வாயு போதும். சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

மூன்றாவது உண்மைதான் மிகவும் முக்கியமானது. மிகவும் மறக்கப்படுவதும் அதுவே. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. புகையைப் போல மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையிலே தவழும். பள்ளம் தேடும். சாக்கடை தேடும். கட்டிலுக்கு அடியிலும் பரணுக்குக் கீழும் பதுங்கும். மேலே சன்னல் திறந்திருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். கீழே அது பாய் விரித்துப் படுத்திருக்கும்.

2012 ஆகஸ்டு 27 இரவு, கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலா என்னும் இடத்தில் எரிவாயு ஏற்றிய டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்தது. தரையோடு தரையாகப் பரவிய வாயு தீப்பற்றிச் சாலையோர வீடுகளைச் சூழ்ந்தது. 20 பேர் மாண்டனர். அவர்களெல்லாம் ஒரே நாளில் சாகவேண்டும் என்று ஒரே பேனாவால் எவனோ எழுதி வைத்திருந்தானா? இல்லை. கனமான வாயு தரையில் பரவும் என்பது இயற்கையின் விதி. அது ஏழை, பணக்காரன் பார்க்காது, நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்காது, பஞ்சாங்கம் பார்க்காது.

வாடைக்கும் ஒரு வரலாறு உண்டு

கேஸ் கசிந்தால் அழுகிய முட்டைக்கோசு போல ஒரு வாடை அடிக்கிறதே, அது கேசின் இயற்கை வாடை என்று பலர் எண்ணுகிறார்கள். அல்ல. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை வேண்டுமென்றே கலந்துதான் அனுப்புகிறார்கள்.

இந்தப் பழக்கம் உலகெங்கும் விதிமுறையாகி நிலைபெற்றதற்குப் பின்னால் ஒரு பெருந்துயர் இருக்கிறது. 1937 மார்ச்சு 18. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், நியூ லண்டன் என்னும் ஊர். செலவைக் குறைப்பதற்காக, எண்ணெய் வயலிலே வீணாகப் போகும் வாயுவைக் குழாய் வழியே பள்ளிக்கூடத்துக்கு இழுத்திருந்தார்கள். இயற்கை எரிவாயு அது, வாடை இல்லாதது. கட்டடத்தின் அடியிலே கசிந்து நிறைந்தது ஒருவர் மூக்குக்கும் எட்டவில்லை. தொழிற்பயிற்சி அறையில் ஒரு மின்கருவியை முடுக்கினார்கள். ஒரு பொறி. கட்டடமே எழும்பி விழுந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மடிந்தனர். அதன் பிறகு சில வாரங்களுக்குள் வாயுவுக்கு வாடை சேர்க்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் இயற்றியது.

ஆகவே தோழர்களே, அந்த நாற்றம் மூக்கிலே ஏறும்போது முகத்தைச் சுளித்துவிட்டுத் திரும்பிப் படுக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளின் சாவு நமக்குத் தந்த எச்சரிக்கை மணி அது. ஒவ்வொரு விதிமுறைக்கும் பின்னால் இப்படி எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

வீட்டிலே வைக்கும் முறை

இனி வீட்டுக்குள் வருவோம். சட்டம் படித்தவனுக்குத்தான் புரியும் என்றில்லை; காரணம் தெரிந்தால் எவருக்கும் புரியும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கேஸ் தீரும் தறுவாயில் அதைச் சாய்த்துப் போட்டு, உருட்டி, இன்னும் இரண்டு வேளை சமைத்துவிடலாம் என்று சிலர் சிக்கனம் பார்க்கிறார்கள். சாய்த்தால் ஆவி வரவேண்டிய வழியிலே திரவம் வரும். ஒவ்வொரு துளியும் 250 மடங்கு விரியும் என்று மேலே சொன்னோமே, அது டியூப்பிலும் பர்னரிலும் விரியும். தீ சீறிக்கொண்டு கூரைக்குத் தாவும். சிலிண்டரின் அடியிலே வெந்நீர் ஊற்றுவதும், வெந்நீர் வட்டாவில் அதை இறக்கி வைப்பதும் அதேபோல் அழைத்து வரும் ஆபத்து. இரண்டு வேளைச் சோற்றுக்கு வீட்டையா விலை வைப்பது?

அடுப்பு மேலே, சிலிண்டர் கீழே. அடுப்பைத் தரையில் வைத்துச் சிலிண்டரையும் பக்கத்தில் வைத்தால், கசியும் வாயு நேரே தீயின் காலடிக்குப் போகும். மேடை கட்ட வசதியில்லாதவர்கள் உறுதியான மேசையோ கல்லோ போட்டு அதன்மேல் அடுப்பை வையுங்கள். சிலிண்டரைப் பள்ளத்திலோ, சாக்கடைத் துவாரத்தின் பக்கத்திலோ வைக்காதீர்கள். மேடைக்குக் கீழே கதவு போட்டு அடைத்து அழகு பார்க்கிற வீடுகளில், அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத்துக்குத் துவாரம் இருக்கட்டும். வாயு வெளியேற வேண்டிய வழி தரையோரத்தில்தான் இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் டின், விறகு, பழந்துணி மூட்டை இவற்றுக்கெல்லாம் சிலிண்டரின் பக்கத்தில் இடமில்லை.

டியூப் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. உள்ளே கம்பி வலை பின்னிய, ஆரஞ்சு நிறமுள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட ‘சுரக்ஷா’ டியூப் ஏஜென்சியிலேயே கிடைக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியே தீர வேண்டும். வெடிப்போ எலிக்கடியோ கண்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். இரண்டு துண்டை ஒட்டுப் போடாதீர்கள். சுவரைத் துளைத்து மறு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். துணி சுற்றி மறைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிந்தால்தானே கோளாறு தெரியும்?

புதுச் சிலிண்டர் வந்ததும் இரண்டு வேலை. வால்வின் உள்ளே கறுப்பு வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. ரெகுலேட்டரைப் பொருத்தி, பொருத்திய இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது பாம்புப் புற்றில் கையை விட்டுப் பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பது போல.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச்சு. பி என்றால் ஏப்ரல் முதல் சூன். சி என்றால் சூலை முதல் செப்டம்பர். டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்து எண் ஆண்டைக் குறிக்கும். அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. கெடு கடந்திருந்தால், ‘வேண்டாம், வேறு கொண்டு வா’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எடை போட்டுக் காட்டச் சொல்லவும் உரிமை உண்டு. ஆனால் கொண்டுவருகிற தொழிலாளியிடம் சினம் கொள்ளாதீர்கள். முப்பது கிலோ இரும்பைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறுகிறவனும் நம்மில் ஒருவன்தான். கேள்வி ஏஜென்சிக்கு, தண்ணீர்ச் செம்பு அவனுக்கு.

வால்வின் மேலே நூலில் கட்டித் தொங்குகிறதே ஒரு சிறு வெள்ளை மூடி, அதைப் பிடுங்கி எறிவதும் பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. வால்வு கசிந்தால் அதன்மேல் அழுத்தி மூடத்தான் அந்த மூடி. அது சிலிண்டரோடே இருக்கட்டும்.

சமைக்கும்போது லைட்டரையோ குச்சியையோ முதலில் தயாராகப் பற்ற வைத்து, பிறகு அடுப்பின் குமிழைத் திருகுங்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போனால், பொங்கிய பால் தீயை அணைக்கும். வாயு மட்டும் வந்துகொண்டேயிருக்கும். இரவில் படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுங்கள். ஒரே அறையில் சமைத்து, ஒரே அறையில் உறங்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு பழக்கமே பாதிப் பாதுகாப்பு. எரிவாயுவால் நீர் சூடாக்கும் கருவியை மூடிய குளியலறைக்குள் வைக்காதீர்கள். காற்று போதாமல் எரியும் தீ, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்கும். அதற்கு வாடையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. குளிக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிடுவார்.

வாடை வந்தால்

பதறாதீர்கள். சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. சாமி படத்துக்கு முன்னால் விளக்கோ ஊதுவத்தியோ இருந்தால், தயங்காமல் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவையும் சன்னலையும் திறங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே அனுப்புங்கள். கைப்பேசியை வெளியே போய் எடுத்து, 1906 என்ற எண்ணை அழையுங்கள். எரிவாயுக் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் எண் அது. தீப்பிடித்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101. பொருளை எடுக்க உள்ளே ஓடாதீர்கள். பீரோ போனால் பீரோ வாங்கலாம்.

உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. தரையில் உருள வேண்டும். தடித்த பருத்திப் போர்வையால் மூட வேண்டும். வெந்த இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த நீர் ஓடட்டும். மஞ்சள், மை, பற்பசை, வாழைச்சாறு என்று பூசிக் காயத்தைக் கெடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சின்ன சிலிண்டரும் பெரிய பந்தலும்

ஊர்விட்டு ஊர் வந்து, ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கிச் சமைத்து உண்ணும் தொழிலாளத் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். பெரிய சிலிண்டரைத் தலைகீழாகத் தூக்கி வைத்துச் சின்ன சிலிண்டருக்குக் கள்ளத்தனமாக நிரப்பிக் கொடுக்கும் கடைகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. வெயிலில் திரவம் விரிவதற்காகச் சிலிண்டரின் மேற்பகுதியில் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டே முறைப்படி நிரப்புவார்கள். கள்ளக் கடைக்காரனுக்கு அளவும் இல்லை, சோதனையும் இல்லை. விளிம்பு வரை நிரம்பிய அந்தச் சிறு உருளையின் பக்கத்தில் தலைவைத்துத் தூங்குகிறீர்களே! முகவரிச் சான்று இல்லாதவர்களும் அடையாள அட்டையைக் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டரை எண்ணெய் நிறுவனங்களே விற்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் கள்ளக் கடைக்குப் போகிறான் என்றும் ஆட்சியாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் சென்னையிலே ஒரு வீட்டுச் சிலிண்டர் 1,100 ரூபாயைத் தாண்டி நின்றது. ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தார்கள். ஏறியபோது எத்தனை அடுப்பு அணைந்தது, எத்தனை வீடு விறகுக்குத் திரும்பியது, எத்தனை பேர் பழைய டியூப்பையே கட்டிக்கொண்டு காலம் தள்ளினர் என்பதை யார் கணக்கெடுத்தார்? விலை என்பது பட்ஜெட் புள்ளி மட்டுமல்ல. பாதுகாப்பின் முதல் படி அதுதான். வாங்க முடியாத விலையில் வைத்துவிட்டு, ‘பாதுகாப்பாக இரு’ என்று சுவரொட்டி ஒட்டுவது பசித்தவனுக்கு விருந்தின் படத்தைக் காட்டுவது போன்றது.

நம் மாநாடுகளுக்கும், இல்லத் திருமணங்களுக்கும் வருகிறோம். ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கும் இடத்தில் வணிகச் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே கீற்றுப் பந்தல். 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியிலே 94 பிஞ்சுகள் கருகியதை மறந்தோமா? அங்கே பற்றியது எரிவாயு அல்ல. சமையற்கூடத்துத் தீ கீற்றுக்குத் தாவியது. ஆனாலும் பாடம் ஒன்றே: அடுப்பும் கீற்றும் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடாது. சமையல் திறந்த வெளியில் நடக்கட்டும். சிலிண்டர்கள் நிழலில், தீயிலிருந்து தள்ளி நிற்கட்டும். மணலும் நீரும் பக்கத்தில் இருக்கட்டும். 100 கிலோவுக்கு மேல் எரிவாயுவைச் சேமித்து வைக்க உரிமம் வேண்டும் என்பது சட்டம். வீட்டுச் சிலிண்டரைக் கடைக்கும் விருந்துக்கும் பயன்படுத்துவது குற்றம். சட்டத்தை மதிக்கச் சொல்லும் நாமே முதலில் மதித்துக் காட்டுவோம்.

கேட்டுப் பெற வேண்டிய உரிமை

இவ்வளவுக்குப் பிறகும் தீங்கு நேர்ந்தால்? இங்கேதான் பாட்டாளி பெரிதும் ஏமாறுகிறான். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகக் காப்பீடு எடுத்திருக்கின்றன. நாம் தனியே ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. எரிவாயு விபத்தில் உயிரிழந்தால் ஆளுக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரை, ஆளுக்கு 2 லட்சத்துக்கு மேற்படாமல். பதிவு செய்த முகவரியிலுள்ள வீட்டின் சேதத்துக்கு 2 லட்சம் வரை.

எத்தனை பேருக்குத் தெரியும்? ‘விதி’ என்று அழுதுவிட்டு அடக்கம் செய்துவிட்டுப் போகிறோமே தவிர, ஏஜென்சிக்கு எழுத்திலே தெரிவிக்கிறோமா? விபத்து நேர்ந்தால் காவல்துறையில் பதிவு செய்யுங்கள். ஏஜென்சிக்கு உடனே எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். மருத்துவச் சீட்டுகளையும் பிணப்பரிசோதனை அறிக்கையையும் இறப்புச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். இணைப்பு உங்கள் பேரில், உங்கள் முகவரியில் இருக்கட்டும். முத்திரையுள்ள அடுப்பும் டியூப்பும் இருந்தால் வாதாட வலு கூடும். விதியை நம்புகிறவனுக்கு இழப்பீடு கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. விதிமுறையை அறிந்தவனுக்கு உண்டு.

விதி என்ற சொல் இன்னொரு கொடுமையையும் மூடி மறைத்திருக்கிறது. “ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு” என்று ஒரு காலத்தில் வாரந்தோறும் செய்தி வந்தது. மாமியார் வெடிக்க மாட்டார், நாத்தனார் வெடிக்க மாட்டார். சீதனம் குறைவாகக் கொண்டுவந்த மருமகளுக்கு மட்டுமே வெடித்த விந்தை ஸ்டவ்கள் அவை! வரதட்சணை மரணம் என்று தனிக் குற்றமே 1986-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அடுப்பைப் பற்றிய அறிவு பெருகினால் விபத்தும் குறையும்; விபத்தென்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும் கொலையும் வெளிச்சத்துக்கு வரும்.

ஆடவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. அடுப்பு பெண்ணின் பொறுப்பு என்று கைகழுவி விடுகிறீர்களே, உங்கள் வீட்டு டியூப் எந்த ஆண்டு வாங்கியது என்று தெரியுமா? மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விடத் தெரிந்த கைக்கு, ஆலையிலே வால்வையும் வாஷரையும் நாள் முழுதும் பழகிய கைக்கு, வீட்டு ரெகுலேட்டரைத் தொட மட்டும் வெட்கமா? பெண்ணுரிமை மேடையில் முழங்குவதோடு முடிவதில்லை. அடுப்படியிலும் அதற்கு வேலை இருக்கிறது.

செயல் வீரர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் கிளையின் படிப்பகத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை தெருமக்களைக் கூட்டுங்கள். ஒரு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர் போதும். ஏஜென்சியின் மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து செய்துகாட்டச் சொல்லுங்கள். பிறகு வீடு வீடாகப் போய் டியூப்பின் தேதியைப் பாருங்கள். பழையது இருந்தால் பட்டியல் எடுங்கள். வாங்க இயலாத வீட்டுக்குக் கிளை நிதியிலிருந்து வாங்கிக் கொடுங்கள். 1906 என்ற எண்ணைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துச் சுவரிலே பெரிதாக எழுதுங்கள்.

வாக்குக் கேட்கப் போகும்போது தட்டுகிற கதவுதான் அது. இந்த முறை எதையும் கேட்காமல் தட்டுங்கள். “அம்மா, உங்கள் கேஸ் டியூப்பைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று சொல்லித் தட்டுங்கள்.